மாணவர் ஏழையா? வாடகை உதவியும் தகுதி என்னும் கேள்வியும்

பிரிட்டனில் நாற்பது வயதில் வேலையை விட்டுவிட்டு முழுநேரப் பட்டப்படிப்பில் சேரும் ஒருவர், அதுவரை வாங்கிவந்த வாடகை உதவியை இழக்க நேரிடலாம். வருமானம் குறைந்திருக்கும், வாடகை குறைந்திருக்காது. என்றாலும் சட்டத்தின் பார்வையில் அவர் இப்போது மாணவர். வாடகைக்கான தொகையையும் உள்ளடக்கிய யூனிவர்சல் கிரெடிட் என்னும் நலத்தொகைக்கு 2012ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த அடிப்படை நிபந்தனைகளில் ஒன்று, பெறுபவர் கல்வி பயில்பவராக இருக்கக் கூடாது என்பது. இது புதிய கடுமை அல்ல. 1990இல் கல்விக்கடன் திட்டம் வந்தபோதே பெரும்பாலான முழுநேர மாணவர்களுக்கு வாடகை உதவி நின்றுபோயிற்று.

இந்த விலக்குக்கு அடியில் இரண்டு அனுமானங்கள் கிடக்கின்றன. மாணவர் என்றால் அவரைத் தாங்கப் பெற்றோர் இருப்பார்கள் என்பது முதலாவது. நாற்பது வயதுக்காரரின் பெற்றோர் ஓய்வூதியத்தில் காலம் தள்ளுபவர்களாக இருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். ஆகவே இந்த அனுமானம் அவரிடம் வந்ததும் உதிர்ந்துவிடுகிறது. இரண்டாவது அவ்வளவு எளிதில் உதிர்வதில்லை. படிப்பு அவராக விரும்பி ஏற்றது. விரும்பி ஏற்ற வறுமைக்குப் பிறர் ஏன் வரி கட்ட வேண்டும்?

1981இல் தத்துவ அறிஞர் ரோனல்ட் டுவார்க்கின் எழுதிய சமத்துவக் கட்டுரைகள் இந்தக் கேள்விக்குத் தத்துவ வடிவம் கொடுத்தன. சூழ்நிலை தந்த குறையைச் சமூகம் ஈடுசெய்ய வேண்டும், ஒருவர் தானே தேர்ந்த வழியின் செலவை அவரே ஏற்க வேண்டும் என்பது அவர் வகுத்த பிரிவினையின் சாரம். 1999இல் இன்னொரு தத்துவ அறிஞரான எலிசபெத் ஆண்டர்சன் இதை வன்மையாக மறுத்தார். குற்றமுள்ள வறுமை, குற்றமற்ற வறுமை என்று பிரிக்கத் தொடங்கினால், உதவி கேட்பவரின் வாழ்க்கை முழுவதும் அரசின் தீர்ப்புக்கு உட்பட்டுவிடும் என்றார். முதிர்ந்த மாணவர் இந்த இருவருக்கும் சங்கடமானவர். அவர் படிப்பைத் தேர்ந்தது உண்மை. பதினெட்டு வயதில் படிக்க முடியாமற்போனது அவர் தேர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை.

பிரிட்டிஷ் விதிவிலக்குகளைப் பார்த்தால் சட்டத்தின் மனம் இன்னும் தெளிவாகத் தெரியும். குழந்தையை வளர்ப்பவர், உடற்குறைக்கான உதவித்தொகை பெற்று, வேலை செய்யும் திறன் குறைந்தவர் என்று முன்பே தீர்மானிக்கப்பட்டவர், படிக்காத துணையோடு வாழ்பவர் ஆகியோர் படித்துக்கொண்டே தகுதி பெறலாம். வீட்டில் யார் இருக்கிறார்கள், உடல்நிலை எப்படி என்றெல்லாம் விசாரிக்கும் விதி, பட்டப்படிப்பு மாணவரிடம் அந்தப் படிப்பு எதற்கு என்று மட்டும் கேட்பதில்லை.

இஸ்லாமியச் சட்ட மரபு இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்டது. ஜகாத் என்னும் கட்டாய தர்மம் ஏழைகளுக்குரியது, உழைத்துச் சம்பாதிக்கத் திடமுள்ளவருக்குப் பொதுவாக அதில் பங்கில்லை. அப்படியானால் உழைக்க முடிந்தும் படித்துக்கொண்டிருப்பவர்? தமிழகக் கடலோர முஸ்லிம்களும் இலங்கை முஸ்லிம்களும் பெரும்பாலும் பின்பற்றும் ஷாஃபி மத்ஹப் என்னும் சட்டநெறியின் பேரறிஞர், 1277இல் மறைந்த இமாம் நவவி, ‘அல் மஜ்மூஃ’ நூலில் இதற்கு விடை தருகிறார். சம்பாதிக்கப் போனால் மார்க்கக் கல்வி அறுந்துபோகும் என்ற நிலையில் இருப்பவருக்கு ஜகாத் கொடுக்கலாம். கல்வி கற்பது சமூகத்தின் மீதுள்ள கூட்டுக் கடமை. ஆனால் நஃபிலான, அதாவது கடமைக்கு மேற்பட்ட, வணக்கத்துக்காக வேலையைத் துறந்தவருக்குக் கொடுக்கக் கூடாது. அந்த வணக்கத்தின் பலன் அவரோடு நின்றுவிடுகிறது. மதரஸா என்னும் கல்விக்கூடத்திலேயே தங்கியிருந்தாலும், கல்வி ஏறாதவர், உழைக்க முடிந்தவர் என்றால் அவருக்கும் கிடையாது. பக்தியைவிடக் கல்விக்குச் சலுகை தந்த இந்தத் தீர்ப்பு வியப்பானது. அதன் அளவுகோலும் இன்றைய விதிகளைவிடக் கூர்மையானது. நவவி பேசியது மார்க்கக் கல்வியை மட்டுமே. ஆனால் அவருக்கு முன்பே இஸ்லாமிய அறிஞர் கஸ்ஸாலி மருத்துவத்தையும் கணக்கையும் கூட்டுக் கடமைகளில் சேர்த்திருந்தார். அந்த வழியில் நீட்டினால், செவிலியர் படிப்பில் சேர்ந்த நாற்பது வயதுக்காரருக்கும் இடம் கிடைக்கும்.

இதற்கு நேரெதிரான குரல் யூத மரபில் உண்டு. 1204இல் மறைந்த மைமோனிடிஸ், வேலை செய்யாமல் வேதப் படிப்பில் மூழ்கிப் பிறர் தர்மத்தில் வாழ நினைப்பவரைக் கடுமையாகச் சாடினார். அதே மைமோனிடிஸ், தர்மத்தின் எட்டுப் படிகளில் மிக உயர்ந்ததாக வைத்தது ஒருவர் இனிக் கையேந்தாதபடி அவரை நிலைநிறுத்தும் உதவியை. தொழிலுக்காகப் படிக்கும் முதிர்ந்த மாணவரை முதல் கூற்று தள்ளினாலும் இரண்டாவது அழைத்துக்கொள்கிறது.

பிரிட்டனில் சமய நெறி இன்னோர் இடத்திலும் விதியோடு மோதுகிறது. யூனிவர்சல் கிரெடிட்டுக்குத் தகுதி பெற்ற மாணவரின் வாழ்க்கைச் செலவுக் கல்விக்கடன், மாதம் 110 பவுண்ட் கழிவு போக, வருமானமாகக் கணக்கிடப்படுகிறது. நியாயமான முயற்சியில் பெறக்கூடிய கடனை வாங்காமல் விட்டாலும் வாங்கியதாகவே கொள்ளப்படும். வட்டி ஹராம், அதாவது மார்க்கத்தில் விலக்கப்பட்டது, என்று கடனைத் தவிர்க்கும் முஸ்லிம், கையில் இல்லாத பணத்தால் உதவியை இழக்கிறார். வட்டியற்ற மாற்றுத் திட்டத்துக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டும், அது நடைமுறைக்கு வருவது நீண்டகாலம் தள்ளிப்போயிற்று.

வயதைக் கோடாக வைக்கும் நாடுகளில் வேறு விசித்திரங்கள். அமெரிக்காவின் செக்‌ஷன் 8 வாடகைத் திட்டத்தில் 24 வயதுக்கு உட்பட்ட, மணமாகாத, பிள்ளையில்லாத மாணவருக்கு, சில விலக்குகள் தவிர, பெற்றோரின் வருமானமும் பார்க்கப்படும்; வயது கடந்ததும் அந்தத் தடை அகன்றுவிடும். ஜெர்மனியில் பாஃபெக் என்னும் கல்வி உதவிக்கு அடிப்படை உரிமை உள்ளவர்கள் மட்டுமே வாழும் வீட்டுக்கு வோன்கெல்ட் என்னும் வாடகை உதவி இல்லை. பாஃபெக்கின் பொது வயது வரம்பு 2022இல் 45ஆக உயர்ந்தது. அந்த வயதைத் தாண்டிப் படிக்க வந்தவர் பொதுவாகக் கல்வி உதவியை இழக்கிறார். இழந்ததாலேயே வாடகை உதவி கேட்கும் வாசல் அவருக்குத் திறக்கிறது. அமெரிக்காவில் வரிச்சலுகை பெற்றுக் கட்டப்படும் குறைந்த வாடகை வீடுகளிலோ வயதுக்கு வேலையே இல்லை. வீட்டிலுள்ள அனைவரும் முழுநேர மாணவர்கள் என்றால், சில விலக்குகள் நீங்கலாக, அவர்களுக்கு அங்கே குடியிருக்கத் தகுதியில்லை. படிக்காத ஒருவர் உடன் இருந்தால் போதும், அந்தத் தடை விலகிவிடும்.