கூண்டும் கருணையும்

அரியக்குடியில் அன்பர் ஒருவர் தம் இல்லத்து முற்றத்தையொட்டிக் கம்பிவலைக் கூண்டமைத்துச் சிறு கிளிகளை வளர்த்து வருகின்றார். மக்கள் 'லவ் பேர்ட்ஸ்' என வழங்கும் அவை ஆஸ்திரேலிய வறண்ட நிலத்துக்குரியவை. 1840-ஆம் ஆண்டில் ஜான் கூல்டு என்னும் பறவைநூலார் அவற்றை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொணர்ந்தார். இங்குள்ளவையோ கூண்டிலேயே வழிவழிப் பிறந்தவை.

"பாசநீக்கமே பேறு என்னும் நாம் இவற்றை அடைத்தல் தகுமோ? திறந்துவிடுதலன்றோ கருணை?" என்று அவர் எம்மை வினவினார்.

அன்று என்பதே எம் விடை. நம் நாட்டுப் பச்சைக்கிளியை அடைத்தலை 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் விலக்கும். அதற்கு வானமே இல்லம். இவையோ இரைதேடவும் பகையறியவும் பழகாதவை. திறந்துவிடின் காக்கைக்கு இரையாம். மலபரிபாகம் எய்தாமுன் உடம்பு நீங்குதல் வீடாகாதவாறு போல, இதுவும் விடுதலையாகாது. தினையும், நாடோறும் மாற்றிய நீரும், சிறகடிக்க இடமும் அளித்துப் புரத்தலே கடன்.

ஆயின், இறைவன் தனு கரண புவன போகங்களை அளிப்பது உயிரின் பொருட்டு. நாம் கூண்டளிப்பது நம் களிப்பின் பொருட்டு. கூண்டினுள் மண்கலயம் தொங்கவிடின் பேடை 4 முதல் 6 வரை முட்டையிட்டுப் 18 நாளளவில் குஞ்சு பொரிக்கும்; கலயமின்றேல் பெரும்பாலும் ஈனாது. பிறப்பு வினைவழி வருவதன்றோ எனின், மெய்யே. அதற்கு நம் களிப்பை ஏதுவாக்குதல் பழியாம். பிறந்தவற்றைப் புரத்தல் அறம். சிறைக்கெனப் பிறப்பித்தல் அறமன்று.

அக்குஞ்சுகளின் ஒலியில் யாமும் களித்தவரே; ஆதலின் இதனைக் கூற எம் நாவும் கூசிற்று. அன்பர் ஒன்றும் உரைத்திலர். கலயத்துள் இருந்த குஞ்சுகள் சிறகு முற்றி வெளிவரும் வரை ஐந்து வாரம் பொறுத்திருந்தார். பின்னர்க் கலயத்தை இறக்கினார். கூண்டைத் திறந்திலர்.