பிரம்மாவின் ஆயுளுக்கு அடுக்கு 14

அர்ச்சகர் சங்கல்பம் சொல்லும்போது, தங்கள் பெயரும் நட்சத்திரமும் எப்போது வரும் என்றுதான் பலரும் காத்திருப்பார்கள். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு அதன் முன்பகுதிதான் ருசி. பிரம்மாவின் ஆயுளில் இரண்டாம் பாதி, சுவேத வராக கல்பம், வைவஸ்வத மன்வந்தரம், இருபத்தெட்டாம் சதுர்யுகத்தில் கலியுகம் என்று பெரிய அளவிலிருந்து படிப்படியாக இறங்கி, இன்றைய திதியில் வந்து நிற்கும். அறிவியல் குறியீட்டிலும் முதலில் பார்க்கவேண்டியது பத்தின் தலைமேல் ஏறி உட்கார்ந்திருக்கும் சின்ன எண்ணை, அதாவது அடுக்கைத்தான். முன்னால் நிற்கும் 3.1-ஓ 4.3-ஓ அப்புறம்தான்.

பிரம்மாவின் ஒரு பகல் ஒரு கல்பம்: 432 கோடி ஆண்டு, அதாவது 4.32 × 10⁹. இரவும் அதே அளவு. வருஷத்துக்கு 360 நாள், நூறு வருஷம். பகலும் இரவுமாக 72,000 கல்பம், 7.2 × 10⁴. இதைப் பெருக்க, கரும்பலகை முழுக்கப் பூஜ்யம் போடவேண்டாம். 7.2-ஐ 4.32-ஆல் பெருக்கினால் 31.104. அடுக்குகளைக் கூட்டினால் 13. புள்ளியை ஓரிடம் இடப்பக்கம் தள்ளி, அடுக்கில் ஒன்றைக் கூட்டினால் 3.1104 × 10¹⁴. படைப்புக் கடவுளின் மொத்த ஆயுளும் ஒரு சாண் அகலத்தில் அடங்கிவிட்டது.

பூமியின் வயது 4.54 × 10⁹ ஆண்டு. கல்பத்துக்கும் அடுக்கு 9. உடனே, நம் முன்னோர் அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்துவிடும். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. 12,000 தேவ ஆண்டுகளை 360-ஆல் பெருக்கி, அதை ஆயிரத்தால் பெருக்கி வந்த தொகை கல்பம். பாறையைச் சோதித்து வந்ததல்ல. எனக்குப் பெரிதாகப் படுவது, படைத்தவனுக்கே அந்தக் கணக்கு ஒரு கடைசி நாள் குறித்திருப்பதுதான்.

மலைக்கவைக்கும் எண் வேறு, முடிவில்லாதது வேறு. ஆர்க்கிமிடீஸ் இதை மணலை வைத்து நிறுவினார். பிரபஞ்சம் முழுக்க மணலைக் கொட்டி நிரப்பினாலும், மணிகளின் எண்ணிக்கை இன்றைய எழுத்தில் 10⁶³-ஐத் தாண்டாது என்று கெலோன் மன்னனுக்கு எழுதிக் காட்டினார். இத்தனைக்கும் இடமதிப்பும் பூஜ்யமும் கொண்ட நம் எழுத்துமுறை அவர் கையில் இல்லை.

சைவ சித்தாந்தம் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (கட்டு) மூன்றையும் அனாதி, அதாவது தொடக்கமே இல்லாதவை என்கிறது. அதற்கு எந்த அடுக்கைப் போடுவது? வகுப்பில் ஒரு பையன், "பிரம்மா வயசை ஆயிரம் மடங்காக்கினா சாமிகிட்ட கொஞ்சம் நெருங்கிடலாமா சார்?" என்றான்.

"14, 17 ஆகும். அவ்வளவுதான்டா" என்றேன்.