ஈயின் கன்னமும் திக்நாகரின் கேள்வியும்

ஐரோப்பியத் தோட்டமொன்றில் இலைமேல் வெயில் காயும் பச்சை ஈயைப் படமெடுத்து, இது என்ன ஈ என்று பூச்சியியலாளரிடம் கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான்: லூசிலியா பேரினம், அதற்கு மேல் சொல்வதற்கில்லை. படத்தில் குறையில்லை. முதுகு மயிர்களைக்கூட எண்ணலாம். ஆனால் லூசிலியா சீசரையும் லூசிலியா இல்லஸ்ட்ரிஸையும் உறுதியாகப் பிரிக்க, ஆண் ஈயின் பிறப்புறுப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பெண் ஈ என்றால் வல்லுநர்களே தயங்குவார்கள்.

நீல ஈக்களுக்குக் கொஞ்சம் தயவு உண்டு. காலிஃபோரா விசினாவின் கன்னம் ஆரஞ்சு, அதில் கறுப்பு மயிர். காலிஃபோரா வோமிட்டோரியா நேர்மாறு: கறுத்த கன்னம், செம்பட்டைத் தாடி. பக்கவாட்டில் ஒரு தெளிவான படம் போதும். முதுகை மட்டும் எடுத்து வந்தால் எத்தனை மெகாபிக்சல் இருந்தும் பயனில்லை.

அப்படியானால் சிற்றினம் என்பது எங்கே இருக்கிறது? ஈயிலா, பார்ப்பவர் மனதிலா?

இந்தியத் தத்துவத்தில் இது பழைய வழக்கு. பல பசுக்களிலும் பசுத்தன்மை என்ற ஒன்று மெய்யாகவே உறைகிறது என்றார்கள் நியாய, வைசேஷிக மரபினர். பௌத்த தர்க்கவாதி திக்நாகர் (காஞ்சிக்கு அருகே பிறந்தவர் என்பது மரபு) இதை ஒப்பவில்லை. உள்ளவை தனித்தனிப் பொருள்களே. பசு அல்லாதவற்றை விலக்கி மனம் போட்டுக்கொள்ளும் வேலிதான் ‘பசு’ என்றார். இந்தக் கொள்கைக்கு அபோகம் என்று பெயர்.

ஈக்களை இனம்காணும் கையேட்டைப் புரட்டினால் திக்நாகர் ஜெயித்துவிட்டதாகவே தோன்றும். படிக்கு இரண்டு வழி. கன்னம் கறுப்பா இல்லையா, மயிர் உண்டா இல்லையா என்று விலக்கி விலக்கித்தான் பெயருக்கு வந்து சேர வேண்டும்.

ஆனால் வழக்கு அத்தோடு முடியவில்லை. அமெரிக்காவில் கால்நடைகளின் புண்ணில் முட்டையிட்டுத் தன் புழுக்களை உயிருள்ள சதையைத் தின்ன வைக்கும் ஈயையும், செத்த உடலில் பெருகும் ஈயையும் நெடுங்காலம் ஒன்றாகவே எண்ணிக் குழம்பினார்கள். இரண்டும் வேறு வேறு சிற்றினங்கள் என்று 1933இல் ஆய்வாளர்கள் குஷிங்கும் பேட்டனும் காட்டினார்கள். முன்னதன் இன்றைய பெயர் கொக்ளியோமியா ஹோமினிவோராக்ஸ், பின்னது மாசெல்லாரியா. பிறகு பூச்சியியலாளர் நிப்லிங்கின் யோசனைப்படி, கதிர்வீச்சால் மலடாக்கிய ஹோமினிவோராக்ஸ் ஈக்களை 1954இல் குராசோ தீவின்மீது விமானத்திலிருந்து கொட்டினார்கள். இந்தப் பெண் ஈ பெரும்பாலும் ஒருமுறைதான் இணையும். மலட்டு ஆணோடு இணைந்துவிட்டால் முட்டை பொரியாது. சில மாதங்களில் அந்த ஈ தீவைவிட்டே ஒழிந்தது.

கையேட்டையோ படத்தையோ பார்த்தா அந்த ஆண் ஈக்கள் துணை தேடின? தன் இனம் எது என்று ஈக்கே தெரிந்திருந்ததால்தான் திட்டம் பலித்தது. மனிதர் போட்ட வேலி மட்டும்தான் சிற்றினம் என்றால் இது நடந்திருக்காது. அதற்காக நியாய மரபுக்கு முழு வெற்றி என்றும் சொல்லிவிட முடியாது. அவர்கள் பொதுத்தன்மையை நிலையானது என்றார்கள், சிற்றினமோ காலப்போக்கில் பிரியும், அழியும். நாம் எப்படி அறிகிறோம் என்பதில் திக்நாகர் சரி. உலகில் என்ன இருக்கிறது என்பதில் அவர் பக்கம் பலவீனமானது.

இது வெறும் வாதமல்ல. சடலத்திலுள்ள புழுவின் வளர்ச்சியை வைத்துத் தடயவியலாளர்கள் இறப்பு நேரத்தைக் கணிக்கிறார்கள்; சிற்றினத்துக்குச் சிற்றினம் அந்த வளர்ச்சி வேகம் மாறும். ஆகவே படமெடுப்பவர்கள் ஈயின் முகத்தையும் கன்னத்தையும் பக்கவாட்டில் எடுங்கள். அப்போதும் தெளியாவிட்டால் ‘லூசிலியா’ என்று மட்டும் எழுதி நிறுத்திக்கொள்ளுங்கள்.