கலப்படமில்லாத அசல்

கலப்படம் பாலுக்கும் பருப்புக்கும் மட்டுமில்லை. எரிமலைக் குழம்புக்கும் உண்டு. 1851-ல் புன்சன் (ஸ்கூல் லேபில் பர்னர் பார்த்திருப்பீர்களே, அவரேதான்) ஐஸ்லாந்துப் பாறைகள் இரண்டு குழம்புகளின் கலவை என்றார். சுமார் 6.6 கோடி வருஷம் முன்பு தக்காணத்தை மூடிய லாவா, வரும் வழியில் பழைய பாறையை உருக்கிச் சேர்த்துக்கொண்டது. ஸ்ட்ரான்ஷியம் ஐசோடோப்பைக் கேட்டால் சொல்லிவிடும். லாவாவுக்குள் தெரியும் சில படிகங்கள் அதில் பிறந்தவையே அல்ல. வேறெங்கோ விளைந்து ஒட்டிக்கொண்டு வந்தவை.

சரி, கலப்படத்துக்கு முந்தைய அசல் எது? ஆழத்தில் மேன்டிலிலும் பழைய கடல்தரை புதைந்து கலந்திருக்கிறது.

நாம்தான் மனுஷரில் அசல் கேட்கிறோம். புதுக்கோட்டை மாவட்டம் இறையூர் அய்யனார் கோயிலுக்குள், 2022 டிசம்பரில் கலெக்டர் கூட்டிப்போகும்வரை தலித்துகள் போக முடியவில்லை. தீட்டாம். அந்த ஜில்லாவின் பாறைகளில் மிக்மடைட் உண்டு. பெயருக்கே 'கலந்த கல்' என்றுதான் அர்த்தம்.