பிடித்து வந்த வேலை

கைத்தொழிலில் கிடைக்கும் மனநிறைவைப் பற்றி எழுதுபவர்களில் பெரும்பாலோர் என்னைப்போலக் கணினிமுன் உட்கார்ந்திருப்பவர்கள்தான். பட்டறையில் நிற்பவர்கள் அதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. ஏன் என்பதை நாமக்கல்லை வைத்து யோசிக்கலாம்.

கம்பெனியிலிருந்து பல லாரிகள் வெறும் சேஸிஸாகத்தான் வரும். கேபின்கூட இருக்காது, டிரைவர் வெட்டவெளியில் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு வருவார். அதை முழு வண்டியாக்குபவை நாமக்கல், திருச்செங்கோட்டுப் பட்டறைகள். தச்சு, வெல்டிங், தகர வேலை, பெயின்ட், வயரிங் எல்லாம் ஒரே கொட்டகைக்குள் நடக்கும். வெல்டிங் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று எந்த மேனேஜரும் சான்று தர வேண்டியதில்லை. பாரம் ஏற்றி மேடுபள்ளத்தில் ஓட்டினால் தெரிந்துவிடும். நான் எழுதும் நிரல் யாருக்குப் பயன்பட்டது என்பதே பல சமயம் எனக்குத் தெரியாது.

மாத்யூ கிராஃபோர்ட் 2009-இல் வெளியிட்ட நூலில் இந்த நிறைவைத்தான் பேசுகிறார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றபின் மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்தவர். அவர் சொல்வது சரிதான். ஆனால் அவர் விரும்பிப் போனார். வேண்டாமென்றால் திரும்பிவரக் கதவு திறந்திருந்தது.

நம் ஊரில் தச்சும் கொல்லும் பிறப்போடு ஒட்டிவந்தவை. 1936-இல் அச்சான 'சாதி ஒழிப்பு' உரையில் அம்பேத்கர் இந்த இடத்தைத்தான் தொடுகிறார். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே பிரிக்கிறது. விருப்பத்துக்கு இடமில்லாத வேலையில் மனமும் அறிவும் ஒட்டாது என்பது அவர் வாதம்.

நாமக்கல்லில் ஒரு மேஸ்திரியிடம் கேட்டேன்: "பையனை இதே தொழிலுக்கு விடுவீங்களாண்ணா?"

"அவனாப் புடிச்சு வந்தா வரட்டுமுங்க தம்பி. மார்க்கு வரலீன்னு வர வேண்டாமுங்க."

கிராஃபோர்டும் அம்பேத்கரும் அந்த இரண்டு வரியில் இருக்கிறார்கள். ஐ.டி.ஐ. என்றால் மார்க் குறைந்தவன் போகுமிடம் என்று நாம் வைத்திருக்கும்வரை, அங்கே நுழைகிறவன் தோற்றவனாகவே நுழைகிறான். பிறகு கை எவ்வளவு தேர்ந்தாலும் அந்த முதல் நாள் அவன் கூடவே வரும்.

கண்ணுக்குப் பாதுகாப்பு, பி.எஃப்., பெண் பார்க்கப் போகிற வீட்டில் மரியாதை. இவை இருந்தால் நல்ல மார்க் வாங்கியவனும் வெல்டிங் பழக வருவான். அதுவரை, கைத்தொழிலைப் புகழும்போதெல்லாம் அது யார் வீட்டுப் பிள்ளைக்கான புகழ்ச்சி என்று நம்மையே கேட்டுக்கொள்வது நல்லது.