நிறையும் நலமும்

ஹற்றன், நுவரெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் தராசு அறியாத நாளில்லை. பறித்த கொழுந்து நிறுக்கப்படுகின்றது. அதிலிருந்து கழிக்கப்படும் கிலோக்கள் பற்றிய வழக்கோ தலைமுறைகள் கடந்தும் தீர்ந்தபாடில்லை. அதே தோட்டத்துத் தாய்சேய்க் கிளினிக்கில் குழந்தையும் நிறுக்கப்படுகின்றது. முன்னைய நிறை கூலியைத் தீர்மானிக்கின்றது. பின்னையது நலத்தை உரைப்பதாகக் கொள்ளப்படுகின்றது. இவ்வாறு உடலை அளந்து வருங்காலத்தைக் கூறுதல் எத்துணை உண்மை, எத்துணை நீதி என்பது ஆராயத்தக்கது.

நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் அளவையை 1832 இல் முன்வைத்த பெல்ஜிய அறிஞர் குவெட்டலே வானியலும் கணிதமும் வல்லவர், மருத்துவரல்லர். அவர் தேடியது சராசரி மனிதனை. 1972 இல் அன்சல் கீஸ் முதலானோர் அதற்கு உடற்றிணிவுச் சுட்டி எனப் பெயரிட்டனர். தசை, கொழுப்பு, நீர் என்னும் வேறுபாட்டை அச்சுட்டி அறியாது.

பாரிசவாதத்தால் விழுங்கும் ஆற்றலிழந்து, வீட்டிலேயே குழாய்வழி உணவூட்டப்படுவோரிடத்து இக்குறை வெளிப்படையாகும். அவர்தம் நிறை மாறாதிருக்கலாம். எனினும் படுக்கையிற் கிடக்கும் உடலில் தசை கரைந்து, அவ்விடத்தைக் கொழுப்போ வீக்கத்து நீரோ நிரப்பியிருத்தல் கூடும். ஆதலின் மெல்லிய மின்னோட்டத்தால் உடற்கூற்றை மதிப்பிடும் கருவியையும், கைப்பிடி வலிமையையும், கெண்டைக்காற் சுற்றளவையும் மருத்துவர் துணைக்கொள்வர். கருவி எட்டாத லயக் காம்பராவிலும் காலை அளக்க ஒரு நாடா போதும்.

குழந்தைகள் திறத்தில் அளவையின் மயக்கம் இன்னும் பெரிது. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதிற்குட்பட்டோருள் வயதிற்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதிலும் 17 வீதம். தோட்டத்துறையில் ஏறத்தாழ 32 வீதம். உயரத்திற்கேற்ற நிறையில்லாதோரோ நாட்டில் 15 வீதமாகவும், தோட்டத்துறையில் ஏறத்தாழ 13 வீதமாகவும் இருந்தனர். பின்னைய கணக்கை மட்டும் நோக்குவார்க்குத் தோட்டத்துக் குழந்தை பிறரினும் நலமுடையதாகவே தோன்றும்! உயரமும் உடன்குன்றியமையால் நிறை பொருத்தமாகத் தெரிகின்றது. பசி கணக்கினுள் ஒளிந்துகொள்கின்றது.

'அவர்கள் இயல்பிலேயே குள்ளமானோர்' என்பாரும் உளர். 2006 இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வளர்ச்சி நியமங்கள் இக்கூற்றிற்கு இடந்தரவில்லை. இந்தியா, கானா, நோர்வே உள்ளிட்ட ஆறு நாடுகளில், நல்லுணவும் நற்சூழலும் பெற்ற இளங்குழந்தைகள் பெரிதும் ஒத்த உயரமே வளர்ந்தனர். எனவே தோட்டத்துக் குழந்தையின் உயரம் அதன் எதிர்காலத்தை உரைக்குமுன், தாய் கருவுற்ற காலத்து உணவையும், குடிநீரையும், மலசலகூடத்தையும் பற்றிச் சாட்சி கூறுகின்றது. சாட்சியைக் கேட்டபின் வாளாவிருப்போர் அளந்தது எதற்காக என்னும் வினா எழாதிராது.

இதே வினா நோயாளியின் படுக்கையருகிலும் எழுகின்றது. குழாய்வழி உணவூட்டுபவள் பெரும்பாலும் கொழுந்து பறிக்கும் மகளோ மருமகளோ ஆவாள். வேளைதோறும் ஊட்ட வீடு திரும்பினால் அவளுக்கு அரைப்பேர்தான். கெண்டைக்கால் சுருங்கிவிட்டதென அவளிடம் கூறுவோர், அந்த அரைப்பேரையும் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுதல் தகும்.