ரியாக்டிவ் என்றால் தலையெழுத்தா?

திண்டிவனத்தில் குடலிறக்க ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் எடுத்தார்கள். சாயங்காலம் சீட்டு வந்தது: ‘ஆண்டி எச்.சி.வி. – ரியாக்டிவ்.’ அதை நாலாய் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மனைவியிடம்கூட மூச்சுவிடாமல் திரிகிறவரே, உங்களிடம்தான் பேசுகிறேன். சீட்டை வெளியே எடுங்கள்!

அந்தச் சோதனை வைரஸைப் பார்க்கவே இல்லை. ஹெபடைட்டிஸ் சி எப்போதோ உள்ளே நுழைந்தபோது உங்கள் உடம்பு எதிர்த்து நின்றதே, அந்தச் சண்டையின் தடத்தைத்தான் பார்த்தது. வைரஸ் ஒழிந்த பிறகும் தடம் பல வருஷம் அழியாது. தொற்றியவர்களில் 100க்கு 15 முதல் 45 பேர்வரை மருந்தே இல்லாமல் ஆறு மாதத்துக்குள் அதை விரட்டிவிடுகிறார்கள். நீங்கள் அந்தக் கூட்டத்தில் ஒருவரா? கேட்காமலே இடிந்து உட்கார உங்களுக்கு என்ன உரிமை? ஆர்.என்.ஏ. பரிசோதனை எடுங்கள். வைரஸ் இப்போது இருக்கிறதா என்பதை அதுதான் சொல்லும்.

இருந்தால்? இருக்கட்டுமே! இன்டர்ஃபெரான் ஊசி போட்டுக் காய்ச்சலில் கிடந்து, பாதிப் பேர்தான் குணமானார்கள் என்பது பழைய கதை. இன்று பெரும்பாலானோருக்கு 12 வாரம் மாத்திரை; 95 சதவீதத்துக்கு மேல் முழுக் குணம். 2013-ல் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் விற்பனைக்கு வந்தபோது ஒரு மாத்திரை 1,000 டாலர். இன்று அதே மருந்தை நம் நாட்டுக் கம்பெனிகளே செய்கின்றன. 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். எங்கே பதிவது என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

கண் மஞ்சளாகட்டும், பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். இருபது வருஷம் சத்தமே இல்லாமல் கல்லீரலைக் கெடுக்கும் நோய் இது. கீழாநெல்லிமேல் எனக்குப் பகையில்லை. இந்த வைரஸ் அதற்கு அடங்காது, அவ்வளவுதான். வெட்கமும் வேண்டாம். திருவிழாக் கடையில் பச்சை குத்திய ஊசியோ, சவரக் கத்தியோ, என்றோ ஏற்றிய ரத்தமோ, எதுவாகவும் இருக்கலாம். ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டாது; பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுங்கள்.

மாத்திரை தொடங்குமுன் ஹெபடைட்டிஸ் பி சோதனையும் கேட்டு வாங்குங்கள். அது உள்ளே இருந்தால் சிகிச்சையின்போது சீறும். தினமும் போடும் கேஸ் மாத்திரையையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். சில மருந்துகளின் வேகத்தை அது குறைத்துவிடும். ஒரு நாளும் தவறாமல் முடியுங்கள். முடித்து 12 வாரம் கழித்து மறுபடி ஆர்.என்.ஏ. எடுத்து, ‘வைரஸ் இல்லை’ என்ற தாளைக் கையில் வாங்கும்வரை விடாதீர்கள்!